பெயரில்லாமல் வந்த விண்ணப்பம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை அப்பாவும் நானும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே. முந்தாநாள் காலையில் தலையில் விழுந்த இடியிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. அப்பாதான் வழக்கம்போல க்ளினிக்கைத் திறந்து யாருடைய கடைவாய்ப் பல்லையோ குடைந்துகொண்டிருக்கிறார். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கோபம் வந்தாலும் கடைசிவரை படி.

நடந்தது இதுதான். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன், எதிரே போனில் நீ அனுப்பியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா திடீரென்று மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார், டீயெல்லாம் சிந்திவிட்டது. அலறுகிற நோயாளியிடம்கூடக் குரல் உயர்த்தாத மனுஷன், என் பொண்ணைப் பத்தி இப்படி எழுத எந்தப் படுபாவிக்குக் கை வந்தது, அவன் உருப்படுவானா என்று கத்துகிறார். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று உன்னிடம் செய்த சத்தியமெல்லாம் அந்த அடியோடு போயிற்று. நான் நினைத்ததுபோல நீ வானிலை அலுவலகத்தில் மழையைக் கணக்குப் பார்க்கவில்லை, வால்நட்சத்திரம் மாதிரியான சூரியக் குடும்பத்துப் பனி உருண்டைகளைத்தான் ஆராய்கிறாய், அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பம் போட்டாய், அது தள்ளுபடியாகிவிட்டது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். நான் வெண்ணெய்க் கத்தியைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் என் துறையான வானியலுக்கே வந்திருக்கிறாள், அது பல் பிடுங்குகிற மனுஷனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது! சரி, அம்மா பெயரைச் சொல்லி முன்னுக்கு வந்தாள் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று மறைத்திருக்கிறாய், உன் ரோஷம் எனக்குத் தெரியாததா. அதை நான் விழுங்கி முடிப்பதற்குள் அவர் தேர்வுக் குழு சொல்லியிருந்த காரணத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். பார்க்கக் கேட்ட பனி உருண்டை இருக்கும் இடம் துல்லியமாகத் தெரியவில்லை, இவர்கள் விலாசம் தெரியாத வீட்டுக்கு விருந்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அவர் திட்டின படுபாவி எதிரே உட்கார்ந்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணு, அந்த வரி நான் எழுதியது.

போன மாதம் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேனே, வருமான வரிக் கணக்கு என்று அப்பாவிடமும் உன்னிடமும் சொன்னேனே, அது அந்தக் குழுக் கூட்டம்தான். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. விண்ணப்பங்களிலும் எழுதினவர் பெயர் இருக்காது, பெரிய பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்காக. வேண்டியவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பெயரை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அந்த விண்ணப்பம் நம்மிடம் வராது. பழைய மாணவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரையும் எழுதிக் கொடுத்தேன். மழையைக் கணக்குப் பார்க்கிற பெண்ணை எதற்கு எழுதுவேன், சொல்லு. இந்த வீட்டில் ஆளாளுக்கு விதியைக் காப்பாற்றுகிறேன் என்று ஒருத்தர் கண்ணை ஒருத்தர் கட்டிவிட்டோம்.

அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. இந்த ஆளுக்கும் உன்னை மாதிரியே நாக்கு என்று என்னைப் பார்த்து வேறு சொன்னார். பிறகு அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததைப் படித்தார். யாரோ திட்டினதுதான், ஆனா அம்மா திட்டின மாதிரியே இருக்குப்பா, அதனாலதான் அழுகை அதிகமாயிடுச்சு என்று எழுதியிருந்தாயாமே. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. சொல்லிவிட்டேன்.  அவர் கையிலிருந்த ரொட்டியை என் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்காமல் க்ளினிக்குக்குப் போய்விட்டார், அப்புறம் பாதி வழியில் திரும்பி வந்தார்.

அன்றைக்கே குழுத் தலைவருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன்.  மற்றவர்களை வைத்து மறுபடி பார்த்தார்கள், முடிவில் மாற்றமில்லை, உன்னிடம் சொல்லலாம் என்று இன்று காலை அனுமதி கொடுத்தார். நானும் உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. உன் பெயர் தெரிந்திருந்தாலும் அந்தக் குறையை நான் சொல்லித்தான் இருப்பேன். அந்தக் கருவியின் பார்வை ஊசிக் காது அளவு, உருண்டையோ நகர்ந்துகொண்டே இருக்கிறது, நீங்கள் கையில் வைத்திருந்த இடக்கணக்கு போன வருஷத்துப் பழசு. வெறும் இருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். ஆனால் விருந்து, விலாசம் என்ற அந்த நக்கல் எதற்கு? எழுதும்போது கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் குஷியாக இருந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றபடி அது அருமையான விண்ணப்பம்டி. தூரத்தில் உறைந்து கிடந்த ஒன்று திடீரென்று பொங்கிக் கரியமில வாயுவைக் கக்குகிறது, நம் காற்றிலேயே அந்த வாயு இருப்பதால் தரையிலிருந்து பார்த்தால் மறைத்துவிடும், மேலேயிருந்துதான் பார்த்தாக வேண்டும் என்று நீ விளக்கியிருந்த பக்கத்தை, யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துத் திரும்பவும் படித்தேன்.

அதனால் அழுதது போதும். தொலைநோக்கி சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியது, வருஷத்தில் சில வாரம்தான் அந்தத் திசையைப் பார்க்கும், அடுத்த தடவைக்குள் வாயு அடங்கிவிடும் என்பது உனக்கே தெரியும். தரையில் கிடைக்கிற சாதாரணத் தொலைநோக்கியை யாரிடமாவது கெஞ்சி வாங்கி இடத்தைப் புதிதாக அளந்துவிடு. அவசரத்துக்கென்று தொலைநோக்கி மையத்தின் இயக்குநர் கையில் கொஞ்சம் நேரம் ஒதுக்கி வைத்திருப்பார், அதில் கேள். விதிமுறையிலேயே இருப்பதுதான், அம்மா காதோடு சொன்ன ரகசியம் என்று நினைத்து அதற்கும் ரோஷப்படாதே. ராத்திரி கண் விழித்தால் மறுநாள் தூங்கு, காபியைக் குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்ளாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். இனி எப்போதாவது கூப்பிட்டால் தேவைப்படும் என்று, எனக்கு வேண்டியவர்கள் யார் என்ற படிவத்தை மறுபடி நிரப்பச் சொன்னார்கள். முதல் பெயராக உன் பெயரை எழுதினேன். உறவு, மகள். துறை என்று கேட்ட இடத்தில் என் துறையையே எழுதினேன். பெருமையாக இருந்தது. நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடட்டும், நல்லா இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனிமேல் உன் விண்ணப்பம் எதுவும் என் கண்ணில் படாது. அதனால் வீட்டுக்கு வரும்போது அந்த உருண்டையைப் பற்றி எனக்கு நீயே வாயால் சொல்ல வேண்டும். நான் நடுவில் பேசமாட்டேன்.

என்றும் உன்,
அம்மா