நான் மாற்றாமல் எழுதிய வசவு

12 ஆகஸ்ட் 1988, வெள்ளி

பீகார்க் கிராமத்து எழுத்தாளர் ஒருவரைப் பற்றி இந்தி டீச்சர் போன மாதம் சொன்னார். அவர் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, ஜனங்கள் பேசுவதை வசவோடு அப்படியே கதையில் எழுதுவாராம். ஊர்க்காரர்கள் ஒருமுறை அவர் கையை ஒடித்துவிட்டார்களாம். எனக்கு அது பெரிய வீரமாகத் தோன்றியது.

நானும் எழுதினேன். எதிர்வீட்டு மில்காரர் தன் மனைவி செல்வி அக்காவை ரப்பர் குழாயால் அடித்ததை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன். பெயர்களை மாற்றினேன். அவருடைய வசவில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. புனைபெயரில் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தேன்.

இன்று, எங்கள் பள்ளியில் படிக்கும் அவருடைய தங்கை மகள் அதை அவர்கள் வீட்டிலேயே உரக்க வாசித்திருக்கிறாள். "மாமா, நீங்க ஏசுத மாதிரியே இருக்கு" என்று சிரித்தாளாம்.

அவர் அக்காவை முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தார். "எவகிட்டட்டி சொன்ன? சொல்லுட்டி" என்று கேட்டுக் கேட்டு, முகத்தை அடிபம்பில் மோதினார். இரண்டு பல் போய்விட்டது. அப்பாவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்துதான் பிடித்து இழுத்தார்கள். பீகாரில் எழுதியவர் அடி வாங்கினார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

சாயங்காலம் அம்மாவோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா வெந்நீர் வாங்கப் போனதும், நான்தான் எழுதினேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"தெரியும். மூச்சு விடாத. பொறவு ஒன் வீட்டுக்கும் வருவான்" என்றார். பிறகு, வீங்கிய உதட்டோடு, "ஏட்டி, நான் அழுதேன்னு எழுதியிருக்கியே. நான் எப்ப அழுதேன்?" என்று கேட்டார்.

அக்கா அழவில்லை. அழுதால் கதை நன்றாக இருக்கும் என்று நான்தான் சேர்த்தேன்.