எட்டாம் வாய்ப்பாட்டின் ராகம்

நாள் 212 | 07:10
செவ்வாய், வடதுருவ முகாம். வெளியே மைனஸ் எண்பத்தொரு டிகிரி. உள்ளே இருவர்: தலைவி கமலவேணி, பாறை ஆய்வாளன் செல்லையாவாகிய நான். அவருக்கு மூளையின் இடப்பக்கம் ரத்தம் கசிந்து பத்து நாள். வலக்கை அசையவில்லை. எதைக் கேட்டாலும் "இல்ல" என்கிறார். தலைமையகத்தின் கடிதங்களுக்கு அது போதும், கப்பலுக்குப் போதாது. தலைவர் தன் வாயால் "கப்பலே, புறப்படு" என்றால்தான் அது கிளம்பும். தலைமையை எனக்கு மாற்றவும் அவர் குரலே வேண்டும். புறப்பட இருபது நாள் அவகாசம். தவறினால் அடுத்த வாய்ப்பு இரண்டு வருடம் கழித்து. உணவு நாலு மாதத்துக்கு இருக்கிறது.

நாள் 214 | 10:30
மருத்துவக் கையேடு இசைச் சிகிச்சை செய்யச் சொல்கிறது. பேச்சின் வழி அடைபட்டாலும் பாட்டின் வழி திறந்திருக்கக்கூடும். இடக்கையால் தாளம் தட்டவைத்து, நோயாளிக்குப் பழகிய ராகத்தில் சொற்களை வெளியே கொண்டுவர வேண்டும். எனக்குப் பாட்டு வராது. பள்ளியில் கடவுள் வாழ்த்துக்கு வாயசைத்தால் போதும் என்று எனக்கு மட்டும் சலுகை இருந்தது. இருவருக்கும் தெரிந்த ஒரே ராகம் வாய்ப்பாடு. அவர் சாத்தூர், நான் பண்ருட்டி. பள்ளிக்கூடம் வேறு, இழுவை ஒன்று.
"ஓரெட்டு எட்டு" என்று இழுத்தேன். அவருடைய இடக்கை மேசையைத் தட்டியது. "ஈரெட்டு... பதினாறு."
குழாய் ஒன்றைச் சரிபார்க்க எழுந்து போனேன். அதில் கோளாறு எதுவும் இல்லை.

நாள் 221 | 12:45
எண்களை எடுத்துவிட்டு, அதே ராகத்தில் சொற்களை வைக்கிறோம். இன்று முதல் முழு வாக்கியம்:
"கல்லு டாக்டரே, கஞ்சியில உப்பில்ல."
பதினோரு வருடமாக எனக்கு இதே பட்டப்பெயர். "உப்பு உங்களுக்கு ஆகாது வேணிக்கா" என்று நானும் இழுத்தேன்.
"அப்ப நீயே குடி."
குடித்தேன். உண்மையிலேயே வாயில் வைக்க முடியவில்லை.

நாள் 224 | 16:20
"கப்பலே, புறப்படு" முழுதாக வந்தது, கடைசியில் வாய்ப்பாட்டுக்குரிய சின்ன ஏற்றத்தோடு.
கப்பல்: "பாட்டு ஏற்கப்படாது. பேசவும்."
தலைமையகத்துக்கு எழுதினேன். பதில்: "கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. இசை தொடர்பானது என்பதால் பண்பாட்டுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது."

நாள் 227 | 09:00
ராகத்தை மாதக்கணக்கில், மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்கிறது கையேடு. எங்களிடம் ஐந்து நாள். இன்று முதல் ராகத்துக்குத் தடை விதித்தேன். தட்டாமலிருக்க அவருடைய இடக்கையை நானே பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தார்.
"இல்ல."

நாள் 229 | 18:05
கஞ்சியில் உப்புப் போட்டேன். அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு மெதுவாக, "ஓரெட்டு..." என்றார்.
"பாடாதீங்க வேணிக்கா, பேசுங்க!" என்று கத்தினேன்.
நிறுத்திவிட்டார். அதற்குப் பின் "இல்ல"கூட வரவில்லை.

நாள் 231 | 15:40
மறுபடியும் ரத்தக்கசிவு. 14:55க்கு இறந்தார். பேச்சுப் பயிற்சியின் நடுவில். அவருடைய கை என் பிடிக்குள் ஒருமுறை அசைந்தது. தட்டப் பார்த்தார். நான் விடவில்லை.
விட்டிருக்கலாம்.

நாள் 231 | 17:30
தலைமையகம்: "பாட்டின் முழுப் பிரதியையும் இயற்றியவர் பெயரையும் அனுப்பவும்."

நாள் 232 | 11:40
கடைசி நாள். 12:00க்கு அவகாசம் முடிகிறது. அவர் நாடி நின்றதுமே தலைமை எனக்கு வந்துவிட்டது. அந்த ஒரு கோப்பு எந்தப் பிரிவுக்கும் போகவில்லை.
கப்பல்: "தலைவர் செல்லையா, ஆணையிடவும்."
இட்டேன்.
"பாட்டு ஏற்கப்படாது. பேசவும்."
நான் பாடவில்லை. எனக்குப் பாட்டு வராது. திரும்பவும் சொன்னேன்.
"பாட்டு ஏற்கப்படாது. பேசவும்."

11:52
இதைக் கண்டெடுப்பவருக்கு: என் இடக்கை மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் குரலே வரவில்லை. தட்டினால் இந்த ஒரு ராகம்தான் வருகிறது. இன்னும் எட்டு நிமிடம்.
ஓரெட்டு எட்டு
ஈரெட்டு பதினாறு
மூவெட்டு