குடை கேட்டால் சிரிக்கிறார்

தை 2, வியாழன்

கூடத்தில் இருந்தவர்கள்: இவர் (கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை), நான், மைத்துனர் வாசு, சேவியர் சார். வேறு யாரும் இல்லை. நாளைக்கு யாராவது அப்படி ஒன்றும் நடக்கவேயில்லை என்று சொல்லக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

காலையில் கடும் பனி. எட்டு மணிக்குத்தான் மொட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது. மதராஸ் கிரிக்கெட் டெஸ்ட் முதல் நாள். இவருக்காக ரேடியோவைக் கட்டில் பக்கம் வைத்தேன். ஆட்டத்தைத் தமிழில் சொல்கிறவர்கள் இரண்டு பேர், ஒருவருக்குத் தடித்த குரல், ஒருவருக்கு மெல்லிய குரல். பதினொன்று இருபதுக்கு மெல்லிய குரல், "குடை இருக்கா சார்?" தடித்த குரல், "பத்திரமா இருக்கு." இரண்டு பேரும் சிரிப்பு. மழை கிடையாது. நல்ல வெயில் என்று சற்று முன்னால் அவர்களே சொன்னார்கள்.

இவரும் சிரித்தார். பக்கவாதம் வந்த பத்து மாதத்தில் முதல் தடவை. வாய் கோணலாகத்தான். ஆனால் சத்தத்தோடு.

வாசு நம்பவில்லை. "நீங்க வேற, மன்னி. இந்த வியாதியில காரணமில்லாம சிரிப்பு வரும், அழுகை வரும்னு டாக்டர் சொல்லலையா? அண்ணாவுக்கு ஒண்ணும் புரியறதில்லை." இவரை எதிரில் வைத்துக்கொண்டே வாசு இப்படிச் சொன்னார்.

சேவியர் சார், இவரோடு ஒரே பஸ்ஸில் பதினாறு வருஷம் திருவெறும்பூர் ஆபீஸ் போய் வந்தவர். அவரிடம் கேட்டேன், அது என்ன குடை என்று.

"தெரியலீங்கம்மா. அவங்களுக்குள்ள ஏதோ ஜோக்கு. மூணு பொங்கலா ரேடியோவுல கேக்குறேன், எப்ப கேட்டாலும் குடை பத்திரமாத்தான் இருக்கு."

"இவருக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரிஞ்சிருக்கலாம். லீவு போட்டுட்டு அஞ்சு நாளும் ரேடியோவுக்குள்ளயே உக்காந்திருப்பாரு. நான் டீ டயத்துல ஸ்கோர் கேக்குறவன்தானே."

இன்றும் தாயார் சன்னிதிக்குப் போக முடியவில்லை.

தை 3, வெள்ளி

பனி குறைவு. ரேடியோவுக்குப் புது பேட்டரி. அடுப்படியில் தளிகையை ஒன்பதுக்குள் முடித்தாயிற்று.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதுகிறேன்.
குடை: 4.
சிரிப்பு: 3.
குடை இல்லாமல் சிரிப்பு: 1 (குக்கர் விசில்).

அந்தக் குக்கர் விசில்தான் உறுத்துகிறது.

கையை அழுத்தச் சொல்லிக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. எதற்கும் அழுத்துகிறார். "உங்க பேர் வாசுவா?" என்றால்கூட அழுத்தல். அதனால் போன மாசம் டாக்டரும் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டார். "மூளை கொஞ்சம் கொஞ்சமா தெளியலாம். எப்ப, எவ்வளவுன்னு சொல்றதுக்கில்லை" என்றார்.

சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் நேற்றிலிருந்து சாதம் இறங்கவில்லை. புரிந்து சிரிக்கிறார் என்றால் கார்த்திகையில் நான் சொன்னதும் புரிந்திருக்கும்.

எழுதிவிடுகிறேன். கார்த்திகையில் ஒரு நாள், காலையிலேயே இரண்டாம் தடவை விரிப்பு மாற்றிய கையோடு, வாசுவிடம் சொன்னேன்: "பெருமாள் இவரை அழைச்சுண்டுட்டா தேவலை. என்னால முடியலை." கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வாசு. நடுவில் இவர். கண் திறந்துதான் இருந்தது.

தை 4, சனி

குடை 2. சிரிப்பு 2. விசில் வராமல் இருக்கக் குக்கரே வைக்கவில்லை, வெண்கலப் பானையில் வடித்தேன்.

நோட்டை வாசு பார்த்துவிட்டார். "மதராஸ்ல ஒரு ஸ்கோர், மன்னி கிட்ட ஒரு ஸ்கோர். எது ஜெயிக்கறது?" என்றார். கெட்ட எண்ணம் கிடையாது. மாத்திரை தவறாமல் வாங்கி வருகிறவர் அவர்தான்.

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மத்தியானம் கட்டிலருகே உட்கார்ந்தேன். கேட்காமலே எழுந்துவிட்டேன். அன்று புரிந்திருந்தால் கேட்கத்தான் வேண்டும். அன்று புரியாமல், இப்போதுதான் தெளிகிறார் என்றால்? நான் மன்னிப்புக் கேட்டால் அதுவே அவருக்கு முதல் சேதி. இப்படி ஒன்றை நான் சொன்னேன் என்பதை என் வாயாலேயே தெரிவித்ததாகும்.

விஷ்ணு சஹஸ்ரநாமம் பாதியில் தடம் மாறிவிட்டது. திரும்ப முதலிலிருந்து.

தை 5, ஞாயிறு

ஆட்டத்துக்கு ஓய்வு நாள். கொள்ளிடக் காற்று. துணி சீக்கிரம் காய்ந்தது.

தப்புப் பண்ணினேன். சும்மா இருக்க முடியாமல், குரலைத் தடிப்பாக்கி, கட்டில் பக்கம் குனிந்து, "குடை இருக்கா சார்?" என்றேன். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கேட்கிறவர் மெல்லிய குரல்காரர். பதில் சொல்கிறவர்தான் தடித்த குரல். நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். அதனால் சிரிக்கவில்லையா? புரியாததாலா? சோதித்துப் பார்க்கிறாளே என்று கோபமா? நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் ஒன்றும் எழுதவில்லை.

இரவு ரசம் மட்டும் இரண்டு கரண்டி. அவ்வளவுதான் குடித்தார்.

தை 6, திங்கள்

நான்காம் நாள். வாசு ஆபீசில். வீட்டில் நானும் இவரும் மட்டும்.

இரண்டு பத்துக்கு மெல்லிய குரல், "குடை இருக்கா சார்?" அதே சமயம் விக்கெட் விழுந்தது. ஒரே கூச்சல். தடித்த குரல் அவுட்டை விவரிக்கப் போய்விட்டார். பதில் வரவில்லை.

இவர் சிரிக்கவில்லை. ரேடியோவையே பார்த்தார். இடது கை விரிப்பிலிருந்து ஒரு சாண் எழும்பியது. உதட்டைக் குவித்து, "ப். ப்." இரண்டு தடவை. பிறகு கை விழுந்தது.

பத்திரமா என்று சொல்ல வந்தாரா? தண்ணீர் கேட்கும்போதும் சில சமயம் இந்தச் சத்தம் உண்டு. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

சாயங்காலம் வாசுவிடம் சொன்னேன். சட்டென்று கேலி பண்ணவில்லை. "அந்தக் குடை என்னன்னு தெரிஞ்சா நன்னா இருக்கும், மன்னி" என்றார். அப்புறம் வாசலுக்குப் போய்ப் பேசலாம் என்று கூப்பிட்டார். பத்து மாதமாக எதையும் இவர் தலைக்கு மேலேயே பேசினோம். இன்றுதான் முதல் தடவை வாசல்.

தை 7, செவ்வாய்

மேகமூட்டம். ஆட்டம் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. இனி அடுத்த பொங்கலுக்குத்தான் அவர்கள் குரல்.

ரேடியோ நிலையத்தின் விலாசம் சேவியர் சார் விசாரித்துக் கொடுத்தார். கடிதத்தை மூன்று தடவை அடித்து எழுதினேன். தபாலில் போட்டாயிற்று. நகல்:

'கிரிக்கெட் வர்ணனை செய்யும் இருவருக்கும், ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு நேயரின் நமஸ்காரம். எனக்கு கிரிக்கெட் தெரியாது. நீங்கள் குடை இருக்கிறதா என்று கேட்டுச் சிரிக்கிறீர்கள். அது உங்களுக்குள் இருக்கிற விஷயம். கேட்பது தப்பென்றால் மன்னிக்கவும். வாதத்தால் பேச்சுப் போன என் கணவர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார். அந்தக் குடையின் கதையை எந்த வருஷமாவது ரேடியோவில் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார், அதை நினைவு வைத்துச் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். சொன்னதே இல்லையென்றால் நீங்கள் சிரிப்பதால் சிரிக்கிறார். எது என்று தெரிந்த பிறகுதான் அவரிடம் நான் ஒரு விஷயம் பேச வேண்டும். என் மனசு நோகுமே என்று மாற்றி எழுத வேண்டாம். விலாசம் எழுதிய பதில் கார்டு இத்துடன் இருக்கிறது. ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும். சீக்கிரம் பதில் போடவும்.'