தோள் அளவு

மார்ச் 4

என் மகளுக்கு,

நீ போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. மலைமேல் முகாமில் போன் எடுக்காது, வாரம் ஒருமுறை சாமான் ஏற்றி வரும் ஜீப்பில்தான் கடிதம் வரும் என்று சொல்லியிருந்தாய். நல்லதாகப் போயிற்று. போனில் என்றால் நான் திட்டத் தொடங்கியதும் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தைக் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

ஊரில் பெண்கள் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். நீ வேலை கிடைத்த பிறகு மலை ஏறப் போயிருக்கிறாய். பாலங்களை ஆய்வு செய்யும் பொறியாளர் என்று உத்தரவு வந்த அன்று, கடைக்குத் துணி தைக்க வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். மறு வாரமே, சேரும் தேதியை ஜூன் கடைசிக்குத் தள்ளி வாங்கிவிட்டேன் என்று வந்து நின்றாய். இப்போது மிட்டாய் தின்றவர்களே வந்து, "உங்க பொண்ணு வேலையில சேர்ந்தாச்சா?" என்று கேட்கிறார்கள். நான் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, பேச முடியாதவள் மாதிரி தலையை ஆட்டிவைக்கிறேன்.

நீ ஏறு, இறங்கு, உன் பாடு. வேலைக்குப் போட்டுக்கொள்ளச் சட்டைகள் தைக்கப் போகிறேன். துணி எடுத்தாயிற்று. இத்துடன் அளவு நாடா வைத்திருக்கிறேன், யாரையாவது எடுக்கச் சொல்லி அனுப்பு. நீ கல்லூரியில் சேர்ந்தபோது எடுத்த அளவுதான் என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று. கயிற்றில் தொங்க இடுப்பில் ஒரு பெல்ட் மாட்டுவார்கள் என்றாயே, அதை யார் தைத்தது? என்ன நூல்? தையல் ஒற்றையா, இரட்டையா? பார்த்து எழுது.

கோபம் தீராத
அம்மா

அப்பா எழுதுவது: காஜா எடுப்பது என் பொறுப்பு. ஒரு வரைபடம் வாங்கி டிரையல் அறையில் மாட்டியிருக்கிறேன். நீ இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் குத்தியிருக்கிறது.


மார்ச் 29

அன்புள்ள அம்மா,

திட்டு முழுவதையும் படித்தேன். இரண்டு தரம். நடைப் பயிற்சி என்று மேலே கூட்டிப் போய்விட்டார்கள், அதனால்தான் பதில் தாமதம்.

முதலில் பெல்ட். பட்டைமேல் பட்டை வைத்து, ஊசி நுழைய இடமில்லாமல் மாறி மாறி ஓட்டியிருக்கிறார்கள். நூல் நம் கடை நூலைவிட மூன்று மடங்கு தடிமன். நான் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு பயிற்சியாளர் சிரித்தார். பிறகு தினமும் காலையில் எல்லோருடைய பெல்ட்டையும் சோதிக்கும் வேலையை என் தலையிலேயே கட்டிவிட்டார். இங்கே எனக்குப் பெயர் தையல்காரி. வங்கியில் சேரப் போகிற ஒருவன் இருக்கிறான், அவனுக்குப் பெயர் வட்டி. எல்லோரும் என்னைப் போலத்தான், படிப்பு முடிந்து வேலை தொடங்காதவர்கள்.

அம்மா, ஊர் சுற்றும் ஆசையில் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். அது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வருடம் எங்களை ஒரு பாலத்துக்கு அழைத்துப் போனார்கள். அடிப்பகுதியைப் பார்க்க, ஓரத்து இரும்பு ஏணியில் இறங்க வேண்டும். மூன்றாவது படியில் நின்றுவிட்டேன். கீழே ஆறு. கை கம்பியை விடவில்லை, கால் நகரவில்லை. இரண்டு பேர் வந்து என் விரல்களைப் பிரித்து மேலே தூக்கினார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவள், ஏணியில் அழுதேன்.

இதை வைத்துக்கொண்டு எப்படி அம்மா வேலையில் சேருவேன்? சேர்ந்து பழகிக்கொள்ளலாம் என்றால், அங்கே நான் இறங்காத இடத்தை நம்பி ஒரு ஊரே பாலத்தில் போகும். இங்கே தவறினால் அவமானம் எனக்கு மட்டும்தான். வேலைக்குப் போன பிறகு இப்படித் தவறிப் பார்க்க யார் எனக்கு மூன்று மாதம் கொடுப்பார்கள்?

தோள் பதினைந்து. மற்ற அளவுகள் பின்பக்கம்.

உன் மகள்


ஏப்ரல் 8

கண்ணு,

ஏணி விஷயத்தைப் படித்துவிட்டு அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன். இத்தனை நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

வழி இருக்கிறது. உங்கள் துறைக்கு நம் ஊரிலும் ஓர் அலுவலகம் இருக்கிறதே, அங்கே வரைபடப் பிரிவு மேலதிகாரி அம்மாள் நம் வாடிக்கைதான். கால் நூற்றாண்டாக அவருக்கு நான்தான் தைக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் உன்னை அங்கே மாற்றிக்கொள்வார். மேசை, நாற்காலி, தலைக்குமேல் மின்விசிறி. ஏணியும் கிடையாது, ஆறும் கிடையாது. கிளம்பி வா.

அளவு தப்பாக எடுத்திருக்கிறீர்கள். உன் தோள் பதினாலு. பதினாலுக்கே ஒன்று வெட்டிவிட்டேன். தோளெல்லாம் இந்த வயதுக்குமேல் வளராது. நாடாவைத் தொங்கவிட்டு எடுத்திருப்பான் அந்த வட்டி.

முட்டி வலி எனக்கு அப்படியேதான் இருக்கிறது. மாடிக்குத் துணி காயப்போட அப்பாதான் போகிறார்.

அம்மா


ஏப்ரல் 20

அம்மாவுக்கு,

மூன்று பேர் தனித்தனியாக எடுத்தார்கள். பதினைந்தேதான். முதுகில் மூட்டையும் கையில் கயிறுமாக இத்தனை நாள் இருந்தால் தோளும்தான் என்ன செய்யும்?

நேற்று ஒரு பாறையில் கயிறு கட்டி இறங்கினேன். இரண்டு மாடி உயரம். உன் மகள், கண்ணைத் திறந்துகொண்டே. மே கடைசியில் சிகரம் ஏறுகிறோம். அதுவரை அந்த அம்மாளிடம் எதுவும் பேசாதே.

உன் பதினைந்து அங்குல மகள்


ஏப்ரல் 28

கண்ணு,

சரி, பதினைந்துக்கு வெட்டிவிட்டேன். பதினாலுக்கு வெட்டியதை அப்பா இஸ்திரி மேசைக்கு விரித்துக்கொண்டார். துணி வீணானது உன் கணக்கில்.

அம்மா


மே 12

அம்மா,

சொல்ல வெட்கமாக இருக்கிறது. சிகரத்துக்கு முன்னால் ஒரு முகடு உண்டு. பழகிக்கொள்ளட்டும் என்று எங்களை அதுவரை கூட்டிப் போனார்கள். நம் கடையில் நீ துணி வெட்டும் மேசை இருக்கிறதே, அந்த அகலம்கூட இல்லாத பாதை. இரண்டு பக்கமும் சரிவு. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் கடந்துவிட்டார்கள். நான் நாலு அடி வைத்தேன், உட்கார்ந்துவிட்டேன். அதே கை, அதே கால். பயிற்சியாளர் வந்து என்னைப் பின்னாலேயே நகர்த்திக் கூட்டி வந்தார். யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

பாறையில் இறங்கியதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா. இது என் உடம்பிலேயே இருக்கிறது, போகாது. வரைபடப் பிரிவு அம்மாளிடம் சொல்லிவிடு. உன் பதில் கிடைத்ததும் அதே ஜீப்பில் இறங்கிவிடுகிறேன்.

உன் மகள்


மே 17

என் கண்ணே,

உன் கடிதம் வந்த அன்றே அந்த அம்மாள் டிரையலுக்கு வந்தார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கேட்டது நடக்கப் போகிறது. "ஒரு உதவி வேணும்" என்று வாயைத் திறந்தும் விட்டேன். அவருக்குப் பின்னால் கொக்கியில் உன் சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தத் தோளைப் பார்த்தேன். நான் தைத்ததுதான், ஆனால் எனக்குத் தெரியாத யாரோ ஒரு பெரிய மனுஷிக்குத் தைத்த மாதிரி இருந்தது. "என்ன உதவி?" என்றார் அவர். கையைக் கொஞ்சம் தூக்குங்கள், அக்குளில் பிடிக்கிறதா பார்க்க வேண்டும் என்று சமாளித்துவிட்டேன்.

என் முட்டிக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கும் அது தெரியும், கேட்டதில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது மாடிக் கைப்பிடிச் சுவர் அருகில் போனேன், தலை சுற்றியது, அதோடு சரி. பஸ் பாலத்தில் போகும்போது நான் உன் முகத்தை என் மடியில் அழுத்திக்கொள்வேனே, உனக்குக் காற்று அடிக்கக் கூடாது என்று நினைத்திருப்பாய். நான்தான் கண்ணை மூடியிருப்பேன். நீ அப்படியே வளர்ந்தாய். உன் உடம்பில் இருப்பது என்னுடைய பயம். நான் அதோடு நின்றுவிட்டேன், நீ அதைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறாய். நாலு அடி வைத்தாயே, நான் ஒரு அடியும் வைத்ததில்லை.

உன் கடிதம் வந்த சாயங்காலம் மாடிப்படியில் பாதி வரை ஏறினேன். மீதி முடியவில்லை. அப்பாவிடம் சொல்லாதே.

அந்த அம்மாளிடம் பேச மாட்டேன். நீயும் இறங்கி வராதே. சட்டைகளைப் பதினைந்துக்கு வெட்டியாயிற்று. இப்போது நீ வந்தால் தோள் வற்றிப்போகும், சட்டை தொங்கும், என் பெயர் கெடும். ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். போட்டுக்கொண்டு ஏறு.

அம்மா

அப்பா எழுதுவது: மாடிப்படியில் பார்த்தேன். தெரியாத மாதிரி இருக்கிறேன்.


ஜூன் 3

அம்மா, அம்மா, அம்மா,

சிகரத்தில் நின்றேன். முதலில் இதை எழுதிவிட்டேன், இனி மெதுவாகச் சொல்கிறேன்.

சட்டை அச்சாகப் பொருந்தியது. அதன்மேல்தான் மற்ற உடுப்புகளைப் போட்டுக்கொண்டேன். முகட்டுக்கு வந்தபோது பயம் போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை, எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு அடி வைத்தேன், இன்னொரு அடி வைத்தேன். நிற்காமல் நடந்தேன். கடந்துவிட்டேன். மறுமுனையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். வட்டி நடுவில் நின்றுவிட்டான். போன தடவை குதித்துக்கொண்டு கடந்தவன், இந்த முறை பனி விழுந்திருந்ததில் கால் ஒரு தரம் வழுக்கியிருக்கிறது. என் கை போலவே அவன் கை. எனக்குத்தானே தெரியும் அது. பயிற்சியாளர் வரிசையின் கடைசியில், எதிர்ப்பக்கம் இருந்தார். அவனுக்கு அருகில் இருந்தவள் நான்தான். கயிற்றை மாட்டிக்கொண்டு நீ போ என்று அவர் எனக்குக் கை காட்டினார்.

திரும்பிப் போனேன் அம்மா. அதே முகட்டில். முகாமில் தினமும் செய்கிற மாதிரி அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், முடிச்சைப் பார்த்தேன். "எங்க அம்மா பார்த்தாகூடக் குறை சொல்ல முடியாத தையல் இது. நட" என்றேன். அந்த நேரத்திலும் சிரித்தான். நடந்தான். நான் அவனுக்கு ஒரு அடி முன்னால் வந்தேன். பாதி தூரத்தில்தான் ஞாபகம் வந்தது, இரண்டு பக்கமும் சரிவு என்று. கையில் வேலை இருந்தால் பயம் கொஞ்சம் தள்ளி நின்று காத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் வந்தேன் போலிருக்கிறது. இனி எந்த ஏணியிலும் என்னால் இறங்க முடியும்.

மேலே நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று வட்டியைக் கேட்டால் சொல்வான். "பதினைந்து!" என்று கத்தினேனாம்.

உன் மகள்


ஆகஸ்ட் 21

என் மகளுக்கு,

நீ வேலைக்குச் சேர்ந்த ஊர் தூரம், வரும்போது சொல்லிவிட்டு வா என்று எழுதியிருந்தாய். நான் சொல்லாமல் வந்தேன், பார்த்தேன், திரும்பியும் வந்துவிட்டேன். கோபப்படாதே. சொல்லியிருந்தால் நீ என்னைப் பார்த்துக்கொண்டு வேலையைக் கோட்டை விட்டிருப்பாய்.

ஆற்றங்கரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு மேலுடுப்பு, ஒரே தலைக்கவசம். என் சட்டையை நன்றாக மறைத்துவிட்டார்கள். எது நீ என்று முகத்தை வைத்துத் தெரியவில்லை, தோளை வைத்துக் கண்டுபிடித்தேன். நீதான் முதலில் ஏணியில் இறங்கினாய். மூன்றாவது படி வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். நீ நிற்கவில்லை. கீழே போய், தொங்கிக்கொண்டே சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தாய். பாலம் அடி தாங்குகிறதா என்று என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போனது.

நீங்கள் வண்டியில் ஏறிப் போன பிறகு, மூடியிருந்த நடைபாதையைத் திறந்தார்கள். காவலாளியிடம் போய், நடக்கலாமா என்று கேட்டேன்.

"செக் பண்ணியாச்சும்மா, தைரியமா போங்க. புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, ஒரு ஆணியைக்கூட விடறதில்ல."

நடந்தேன். பஸ்ஸில் இல்லை, கண்ணை மூடிக்கொண்டும் இல்லை. நடுப்பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். கால் ஆடியது, ஆடட்டும் என்று விட்டேன். நீ தட்டிப் பார்த்த பாலம் அது. அக்கரை போய்த் தொட்டுவிட்டு, நடந்தே திரும்பி வந்தேன்.

மீதிச் சட்டைகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றிலும் உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன். தோள் இன்னும் பெருத்தால் எழுது, பிரித்துக்கொள்ளலாம்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
அம்மா

அப்பா எழுதுவது: இன்று காலை மாடியில் துணி காய்கிறது. நான் போகவில்லை.