பூநாரைக்கு ஒலிபெருக்கி

16 தை 1983, ஞாயிறு

கொழும்புத்துறைக் கரையில் இன்று பறவை காணும் படகுப் பயணத்தின் தொடக்க விழா. பயணிகளுக்குப் பூநாரைகளைக் காட்டினால் மீனவர்க்குப் பிழைப்பு, பறவைக்குக் காவல் என்பது திட்டம். பறவையின் இயல்பறியாத விழாக்குழுப் பதர்கள் நால்வர், நீரை நோக்கி ஒலிபெருக்கி கட்டியிருந்தனர். "பறவையினம் காப்போம்!" என்று சிறப்புப் பேச்சாளனாகிய நான் அதில் முழங்கினேன். கடனீரேரியில் நின்ற கூட்டம் முழுவதும் எழுந்து பறந்தது. அச்சிறகொலியைக் கைதட்டல் என்றெண்ணி மேலும் குரலுயர்த்தினேன்.

இப்பயணத்தை நம்பி இன்று வலைக்குப் போகாத படகோட்டி கந்தையா அருகில் வந்தான்.

"ஐயா, உங்கடை தமிழ் நல்ல வடிவு. நாரையெல்லாம் பறந்து போட்டுது. இனி வந்த சனத்துக்கு நான் என்னத்தைக் காட்டுறது, உங்களையோ?"

பயணிகள் படகேறாமலே திரும்பினர்; அவன் வெறுங்கையோடு வீடு போனான்.

மேலே பதர்கள் நால்வர் என்றெழுதியது பிழை. ஐவர்.