கிளிப் போட்ட இதயம் மாடி ஏறியது

புதன், இரவு.

நெஞ்சைக் கிழிக்காமலே, தொடை வழியாகக் குழாய் விட்டு, என் வீட்டுக்காரர் இதயத்தில் ஒழுகிய வால்வைக் கிளிப் போட்டுக் கவ்விவிட்டார்கள். இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

"ஒழுகல் குறைஞ்சிருச்சும்மா. ஆனா நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் ரொம்ப நாளா ஏறிக் கிடக்கு. அது இறங்கினாத்தான் மூச்சு முழுசா நல்லாகும். முன்னாடியே வந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவரை, வியாபாரத்துக்கு மீன்கூடை தூக்கப் பயந்து நடிக்கிறார் என்று இரண்டு வருடம் கேலி செய்தவள் நான்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து பட்டினப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். முதல் மாடியில் அவர் உட்காரவில்லை. இரண்டாவதில் சுவரைப் பிடித்து நின்றார். அவர் கையிலிருந்த மருந்துப் பையை நான் வாங்கிக்கொண்டேன்.

"இன்னாடி, இன்னிக்கு கிண்டல் இல்லியா?" என்றார்.

"மேல வாய்யா, சொல்றேன்."

மூன்றாவது மாடிக்கும் ஏறி வந்துவிட்டார். சொல்வதாக இருந்த கிண்டல் எனக்கு மறந்தே போனது. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.