ஆவணிக்குத் தள்ளிய கையெழுத்து

ஜூலை 3, வியாழன்
விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் மரங்கள் நனைந்துவிட்டன, பால் வெட்டு இல்லை. இவர் வீட்டில். மகள் தாருவுக்கு இருமல்.

தோட்ட ஆபிசில் என் பெயருக்குக் கடிதம். குடிவரவுத் திணைக்களம். ஒன்பது நாளாக மேசையில் கிடந்ததாம். "மழைன்னு ஆள் அனுப்பல தங்கச்சி," என்றார் கிளாக்கர் ஐயா.

18ஆம் தேதிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் பிடித்து அனுப்புவார்கள். என் விசா முடிந்து மூன்று வருடம். தாருவுக்கு இரண்டு வயது.

ஜூலை 5, சனி
மழை விடவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று யோசித்தேன். கூடலூரிலிருந்து இலங்கைக்கு விசிட் விசாவில் வந்த நான். தாலி கட்டிய இவர். கல்யாண எழுத்தைத் தள்ளிப்போட்ட அத்தை.

ஆனிக் கடைசியில் கோயிலில் தாலி. விசாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பதிவு எப்போது என்று கேட்டேன். அத்தை: "தாலி ஏறின பொண்ணுக்குக் கையெழுத்துக்கு என்னா அவசரம்? ஆடி பொறக்கப் போவுது. ஆவணியில பாத்துக்குவோம்."

ஆடிக்குப் புதுப்பெண் தாய் வீடு போக வேண்டும். என் தாய் வீடு கடலுக்கு அந்தப் பக்கம். அதனால் தோட்டத்தின் மேல்பகுதியில், மேல்கணக்கில், தெரிந்த ஓர் அக்கா வீட்டில் ஒரு மாதம் கொண்டுபோய் வைத்தார்கள். பாஸ்போர்ட் இங்கே இவர் பெட்டியில். விசா முடிந்தது அந்த ஆடியில்தான். நானும் வாய் திறக்கவில்லை. புதுப்பெண் வெட்கம். வெட்கமாம், மண்ணாங்கட்டி.

ஆவணியில் போனோம். விசா இல்லாத வெளிநாட்டுக்காரிக்கு எழுத முடியாது என்றார் பதிவாளர். அப்புறம் பயந்து பயந்தே மூன்று வருடம்.

ஜூலை 8, செவ்வாய்
தெஹியோவிட்டவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து அவிசாவளைக்கு இன்னொன்று. இரண்டிலும் நின்றுகொண்டே, வக்கீலம்மாவைப் பார்க்க. லோயர் நோனாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான். அவர் சிங்களத்தில் பத்து வரி சொன்னால் இவர் எனக்கு ஒரு வரி சொன்னார். மீதியை இவர் முகத்தில் படித்துக்கொண்டேன்.

வழிகள்:
1. தேதிக்குள் நானாகவே போவது. தண்டம் கட்டி, அங்கிருந்து முறையாக விசா கேட்டு வந்து, கல்யாணம் பதிந்து, மனைவி விசா. ஒரு வருடம், கூடவும் ஆகலாம்.
2. கொழும்பில் வழக்குப் போட்டு உத்தரவை நிறுத்தக் கேட்பது. தோற்றால் பிடித்து அனுப்புவார்கள், திரும்பி வரத் தடையும் விழலாம்.
3. தாலிக் கல்யாணமும் சட்டத்தில் கல்யாணம்தான் என்று நிரூபிப்பது. அதற்குச் சாட்சி, படம், கோர்ட். நாள் போதாது.

"அப்ப நோனா, தாலி பொய்யா?" என்றேன்.
"பொய் இல்ல. ஆனா ஆபிசுக்கு கடதாசி வேணும்."

ஜூலை 10, வியாழன்
கல்யாணப் படங்கள் இருந்த போன் போன வருடம் ஓடையில் விழுந்தது. பூசாரியிடம் போனோம். "எந்தக் கோர்ட்டுலயும் சூடம் அணைச்சு சத்தியம் பண்றேன்," என்றார். நல்ல மனுஷன். கோர்ட்டில் சூடம் ஏது.

ஜூலை 12, சனி
முதல் வழிதான். இவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். தடை விழுந்தால் தாருவை எப்போது பார்ப்பேன்?

அவளைக் கூட்டிப்போக முடியாது. பாஸ்போர்ட் இல்லை, எடுக்க நாளும் இல்லை. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். பெற்றோர் மணம் முடித்தவர்களா? இல்லை.

வாங்க: வேப்பெண்ணெய், தாருவுக்குப் பால்மா, போத்தல்.

ஜூலை 13, ஞாயிறு
மார்பில் வேப்பெண்ணெய் தடவினேன். தாரு வாய் வைத்தாள், துப்பினாள், என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் துடைத்துவிட்டுக் கொடுத்திருப்பேன்.

ஜூலை 15, செவ்வாய்
பால் கட்டி வலி. காய்ச்சல். தாரு கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு அத்தையிடம் போய்விட்டாள். போத்தலில் பாதி குடித்தாள்.

டிக்கெட் வந்தது. 18, வெள்ளி.

ஜூலை 16, புதன்
அத்தை நாலு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று அடுப்படியில், "என்னைய ஒரு வார்த்தை திட்டிரும்மா," என்றார்.

திட்டத்தான் நினைத்தேன். ஆனால் அத்தை இவர் அம்மா மட்டுமில்லை, என் அப்பாவின் அக்கா. அப்பாவைப் பத்து வயதில் குடும்பத்தோடு இதே லயத்து வீட்டிலிருந்துதான் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அத்தைக்கு இங்கே கல்யாணமாகியிருந்ததால் தங்கிவிட்டார். அதற்குப் பிறகு தம்பியை அவர் பார்க்கவேயில்லை. "அப்பாவுக்கு என்ன கொடுத்துவிடுறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

கித்துல் கருப்பட்டி கட்டி வைத்தார்.

ஜூலை 17, வியாழன்
ஆடி ஒன்று. மழை இல்லை. இவர் பால் வெட்டப் போய்விட்டார், வீட்டில் இருக்க முடியவில்லை போல.

பெட்டியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டக்கா கேட்டார். அத்தை வாசலைக் கூட்டிக்கொண்டே சொன்னார்: "ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போறா. ஆவணியில வந்துருவா."

இன்று தாரு பால் கேட்கவில்லை.